ஃபீட்டேயின் வாய்க்கூடு

நாய்க்கு மாட்டும் வாய்க்கூட்டின் உட்புறம் கழுவி வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. காலைப் பயிற்சிக்கு ஆகட்டும் என்று, நேற்றுப் படுக்கப் போகுமுன் விப்கே அதன் கம்பிகளுக்குள் ஈரல் விழுதைப் பூசிப் பின்கதவு ஓரத்து ஆணியில் மாட்டியிருந்தாள். நாய் ஃபீட்டேயோ விடியும்வரை அவள் அறையில், மூடிய கதவுக்குள், அவள் காலடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். ஆணி அவள் நெஞ்சு உயரத்தில் இருந்தது.

மரநாய் வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாய் போய்வரப் பின்கதவின் அடியில் ரப்பர் மடல் வைத்தால் எதுதான் நுழையாது? இதற்கெல்லாம் பயப்பட அவளுக்கு நேரமும் இல்லை. காட்டில் எவனோ ஒரு பாவி இறைச்சி உருண்டைகளில் விஷம் வைத்துப் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு ஹென்னிங்கின் நாய் அவர் மடியிலேயே நுரை தள்ளிச் செத்தது. ஃபீட்டே கண்டதையும் தின்கிறவன். ஒருநாள் ஓடவிடாவிட்டால் வீட்டை இரண்டாக்கிவிடுவான். அவனைக் கட்டிப்போடவும் முடியாது, சாகக் கொடுக்கவும் முடியாது. அவனை விட்டால் அவளுக்கு யாரும் இல்லை.

அதனால்தான் சில வாரங்களுக்கு முன் நாய்ச் சாமான் விற்கும் கெசாவின் கடைக்குப் போயிருந்தாள். கை முதலில் போனது மெத்தென்ற துணி வாயுறைக்கு.

“அதை அங்கயே வைங்க,” என்றாள் கெசா. “அது டாக்டர் ஊசி போடுற நேரத்துக்கு மட்டும். நாய்க்குச் சூடு தணியறதே நாக்கு வழியாத்தான். வாயை இறுக்கிக் கட்டி ஓடவிட்டீங்கன்னா சுருண்டு விழுந்துரும். விஷம் வைக்கிறவனுக்கு வேலை மிச்சம்.”

“அப்ப எதைத்தான் வாங்குறது?”

“இந்தக் கம்பிக்கூடு. ஓடிட்டு வந்து வாயைப் பொளந்து மூச்சு வாங்கும்ல, அப்ப அளவெடுங்க. உள்ளயே தண்ணி குடிக்கணும், கொட்டாவி விடணும். முன்னால தகடு இருக்கு, கீழ கிடக்கறதைப் பொறுக்க முடியாது. ஆனா நீங்களாப் போய் மாட்டாதீங்க. கூட்டை நீட்டிட்டு மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கங்க. அதுவா வந்து மூக்கை விடணும். புருஷனை விரட்டுற மாதிரி விரட்டாதீங்க.”

“எனக்குப் புருஷன் இல்ல.”

“நல்லதாப் போச்சு. நாயாவது நிம்மதியா இருக்கும்.”

சொன்னபடியே செய்து, ஃபீட்டேயும் பழகிவிட்டான். வாரை மாட்டுவதுதான் பாக்கி. இன்று அது முடிந்தால் நாளை காட்டுக்குப் போகலாம்.

மதியம் திரும்பியதுமே இருட்டிவிடுகிற மாதம். ஃபீட்டேயைத் தோட்டத்தில் விட்டுவிட்டு, கூட்டில் மறுபடி ஈரல் பூசி, விப்கே பின்கதவுக்கு உட்புறம் முக்காலியில் உட்கார்ந்தாள். வெளிச்சத்தில் கம்பி பளபளத்தால் அவன் மிரள்வான் என்பதால் விளக்கைப் போடவில்லை. ஈர மழைக்கோட்டின் வாடையும் சேறு காயாத பூட்சின் வாடையும் ஈரல் வாடையோடு கலந்து நின்றன; கூரை விளிம்பிலிருந்து நீர் சொட்டுவதும், குளிர்பெட்டியின் உறுமலும், வெளியே சருகுகளுக்குள் கால்கள் போவதும் நிற்பதும் மறுபடி வருவதும் கேட்டுக்கொண்டிருந்தன.

ரப்பர் மடல் எழுந்து விழுந்தது.

“வாடா தங்கம்,” என்றாள். கூட்டை நீட்டிப் பிடித்து, முகத்தைப் பக்கத்து ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டாள்.

நகங்கள் தரையில் மெதுவாக நடந்தன. ஃபீட்டே எப்போதும் பாய்ந்து வருவான். களைத்திருப்பான் என்று நினைத்தாள்.

மூக்கு கூட்டுக்குள் வந்தது. தயக்கமே இல்லை. நாக்கு கம்பிகளை நக்கத் தொடங்கியது. தலையின் பாரம் அவள் மணிக்கட்டில் ஏறியது. மூச்சு அவள் விரல்களில் பட்டது. சில்லென்று இருந்தது.

வெளியே குளிர். அதனால்தான்.

“நல்ல பையன். அப்படியே இரு.” வாரின் இரு முனைகளையும் பிடித்து, காதுகளுக்குப் பின்னால் மாட்டக் கைகளை நீட்டினாள். ஈர மயிர் தட்டுப்பட்டது. காதுகளைத் தேடினாள். இன்னும் நீட்டினாள். காதுகள் இல்லை. மூக்குத் தண்டே முடியவில்லை.

அது பொறுமையாக இருந்தது. அவள் சொல்லிக்கொடுத்தபடி.

தோட்டத்தில் ஆள் நடந்தால் எரியும் விளக்கு பட்டென்று எரிந்தது. ஜன்னலுக்கு வெளியே ஃபீட்டே நின்றிருந்தான். வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது. அவன் மூச்சு கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்து மறைந்து படிந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு எதிரே இருந்ததைப் பார்த்தான்.

விப்கே திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

நக்குவது நின்றது. ஈரல் தீர்ந்துவிட்டது.

பிறகு அது கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறந்தது. கம்பி ஒன்று தெறித்தது. அடுத்தது. அதற்கடுத்தது. வாய் இன்னும் திறந்துகொண்டிருந்தது, அவள் கைகள் இரண்டும் அதன் தலைக்குப் பின்னால் எங்கோ இருக்க.