லிஃப்டுக்குள் காதுக்காரர்

மூடப்போன லிஃப்டுக்குள் சொட்டச் சொட்ட நனைந்தபடி பாய்ந்து வந்தவன், அவள் காலை நன்றாகவே மிதித்துவிட்டான்.

"ஐயோ... சாரிங்க!"

திட்டத்தான் வாயெடுத்தாள். அவன் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. காதுக்காரர்! கால் சென்டரில் பெண்கள் வாடிக்கையாளர்களிடம் போனில் பேசுவதை மேல்மாடியில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டு மார்க் போடுகிறவருக்கு அவர்கள் வைத்த பெயர். யாரோ வழுக்கைத் தலைக் கிழவர் என்றல்லவா நினைத்திருந்தாள்? இவனுக்கோ இமையில் மழைத்துளி... கண்ணில் குறும்பு... பாவி, அழகாக வேறு இருந்தான்!

இவன் காதில் அவள் பேச்சு விழவே கூடாது. அவள் ஊர்க்காரர்கள் பேச்சின் வாலைப் பிடித்து இழுத்து இழுத்துப் பேசுவார்கள். அந்த இழுப்பைக் கேட்டாலே, "உங்க ஊர் ஆளுங்க ஏமாத்துக்காரங்களாச்சே" என்று போனை வைத்துவிடுகிறவர்கள் உண்டு. அதற்காகத்தான் போன வாரம் அவள் தோழியை வீட்டுக்கு அனுப்பினார்கள். இவள் இழுப்பை விழுங்கி விழுங்கி இதுவரை ஒப்பேற்றிவிட்டாள். இந்த வேலையும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

"ரொம்ப வலிக்குதா? ஒரு வார்த்தை திட்டக்கூடாதா?"

தலையை மட்டும் ஆட்டினாள்.

"சரியான அழுத்தக்காரி" என்று முணுமுணுத்தான்.

அப்போதுதான் லிஃப்ட் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. விளக்கும் போனது.

"எனக்கு... மூடின இடம்னா ஆகாது..." இருட்டில் அவனுக்கு மூச்சு இரைத்தது. "ஏதாவது பேசுங்களேன்... ப்ளீஸ்..."

பேசினால் வேலை போச்சு. பயத்தில் இழுப்பை அடக்க அவளுக்கு வராது. ஆனால் அவன் சுவரோடு சரிந்து உட்காரும் சத்தம் கேட்டதும் மனசு கேட்கவில்லை.

"பயப்படாதீங்க... நான் இருக்கேன்ல... கையைப் பிடிச்சுக்கோங்க..."

இழுப்பு மொத்தமாக அவிழ்ந்து கொட்டியது. தங்கையின் குறட்டை, பக்கத்து வீட்டு நாய் என்று வாயில் வந்ததையெல்லாம் பேசினாள். அவன் மூச்சு மெல்ல மெல்ல அடங்கியது.

விளக்கு வந்தது. லிஃப்ட் நகர்ந்தது. கையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள்.

"மேல சொல்லிடுவீங்களா?"

"இருட்டுல குரல் கேட்டதுமே நீங்க யாருன்னு புரிஞ்சுபோச்சு. போனை வைக்கிறப்ப உங்க இழுப்பு லேசா எட்டிப் பார்க்கும்... அதுக்காகவே உங்க பேச்சைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேப்பேன்."

அவளுக்குக் கன்னம் சூடானது. கூடவே கோபமும் வந்தது.

"அப்போ என் தோழிக்கு மட்டும் ஏன் மார்க்கைக் குறைச்சீங்க?"

அவன் தலை கவிழ்ந்தது. "மேனேஜர் சொன்னாரு... பயந்துட்டேன்."

கதவு திறந்தது. லிஃப்ட் நின்றுபோனது தெரிந்து எதிரே மொத்த ஆபீசும் கூடி நின்றது, முன்னால் மேனேஜர். இப்போதுகூட வாயை மூடிக்கொண்டு போய்விடலாம்...

"நாளையிலேர்ந்து போன்லயும் இப்படித்தான் பேசப்போறேன்" என்றாள் அவனிடம், எல்லோருக்கும் கேட்கும்படி, இழுப்பு குறையாமல். "முழு மார்க் போட தைரியம் இருக்கா?"

மேனேஜரின் புருவம் ஏறியது. அவன் முகம் வெளுத்தது. அவ்வளவுதான், நழுவப்போகிறான் என்று நினைத்தாள்.

"போடறேன். இவங்க தோழிக்குப் போட்டதையும் மாத்தறேன்" என்று மேனேஜரைப் பார்த்தே சொன்னான். பிறகு அவள் பக்கம் குனிந்தான். "உடம்பெல்லாம் நடுங்குதுங்க... ஆனா உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவளுக்கும்தான் நடுங்கியது.

"எனக்கும்..." என்றாள், ஆசை தீர இழுத்து.