கைப்பிடியில் களிம்பு

"ஆ...!"

ஆய்வுக்கூடத்திலிருந்து எழுந்த அலறல் மாடிப்படி வரை கேட்டது.

அலறியவள் ஆராய்ச்சி மாணவி. கூடத்தில் எல்லாரும் அவளுக்கு இட்ட பெயர் வாயாடி. அலறலுக்குப் பின் அந்த வாயும் அடைத்துப் போயிற்று.

தரையில் பேராசிரியர்!

பின்மண்டையில் இரத்தம். அருகில், குடுவைகளைத் தாங்கும் இரும்புக் கம்பி. உடைந்த குப்பியிலிருந்து வழிந்த வெண்களிம்பு அவருடைய உள்ளங்கைகளில் அப்பியிருந்தது. கதவின் உட்புறக் கைப்பிடியிலும் அதே களிம்பு! தப்பிக்கத் தவழ்ந்து, கைப்பிடியைப் பற்றி, அங்கேயே சரிந்தவரை எவனோ ஓரமாக இழுத்துப் போட்டிருக்கிறான்.

மூச்சு மட்டும் நூலாக ஓடிக்கொண்டிருந்தது...

ஆம்புலன்ஸ் போயிற்று. போலீஸ் வந்தது.

"இது என்னம்மா களிம்பு?" என்றார் பெண் இன்ஸ்பெக்டர்.

"சாரோட ஆயுசு உழைப்பு, மேடம். நம்ம தோல்லயும் அதுக்குள்ள ஓடுற நரம்பு நுனியிலயும் கண்ணுக்குத் தெரியாத கதவுங்க இருக்கு. அயனிக் கால்வாய்னு பேரு. சூடு பட்டா திறந்துக்கும். 'சுடுது'ன்னு மூளைக்குச் சேதி பறக்கும். இந்தக் களிம்பு அந்தக் கதவைச் சாத்திடும். தீக்காயம் பட்டவங்க வலியில துடிக்கக் கூடாதுன்னுதான்..."

"பாடம் போதும். நேத்து என்ன சண்டை?"

வாயாடி திடுக்கிட்டாள்.

"நான்தான் சொன்னேன்!" என்றபடி முன்னால் வந்தார் கூடத்தின் மேலாளர். பேராசிரியரின் மனைவிக்குத் தம்பி. "கட்டுரையில தன் பேருதான் முதல்ல வரணும்னு இவ அத்தானோட மல்லுக்கு நின்னா, மேடம். ஊரே கேட்டுது!"

"உழைச்சவ கேட்டேன், சார். கேட்டா கொலைகாரியா?"

"கம்பியில ரேகை இல்ல. கையுறை போட்ட கை" என்றார் இன்ஸ்பெக்டர். "கைப்பிடியில களிம்பு ஈஷிக் கிடக்கு, அங்கயும் தெளிவா ஒண்ணுமில்ல. சாவி இருக்கறது பேராசிரியர், அவர் மச்சினர், நீ... கிளம்பும்மா, ஸ்டேஷனுக்கு!"

சிறை! பட்டம், பெயர், உழைப்பு... எல்லாம் பாழ்!

அவள் கண்கள் மீண்டும் கைப்பிடியில் நிலைத்தன. சட்டென்று ஒரு மின்னல்!

"வர்றேன், மேடம். தொண்டை காஞ்சு போச்சு. எல்லாருக்கும் ஒரு டீ சொல்லுங்களேன்... கொதிக்கக் கொதிக்க!"

"என்ன நெஞ்சழுத்தம் பாருங்க!" என்று பல்லைக் கடித்தார் மேலாளர்.

இன்ஸ்பெக்டர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு காவலரை நோக்கித் தலையசைத்தார்.

தாழ்வாரத்துக்கு டீ வந்தது. மெல்லிய கண்ணாடி டம்ளர்கள். ஆவி பறந்தது.

மேலாளர் வலக்கையில் கைப்பேசியைப் பிடித்தபடி, "அழாத அக்கா... அத்தானுக்கு ஒண்ணும் ஆகாது" என்று தேற்றிக்கொண்டிருந்தார். அந்தத் தருணத்துக்குத்தான் வாயாடி காத்திருந்தாள். தட்டை அவருடைய இடப்பக்கமாக நீட்டினாள். எடுத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் தொட்டார். "ஸ்ஸ்...!" கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டார்.

வாயாடி இடக்கையால் எடுத்தாள்.

படீர்! டம்ளர் சிதறியது!

"பாத்தீங்களா மேடம்? பயத்துல கை எப்படி உதறுது!" மேலாளர் கைப்பேசியை அணைத்துவிட்டுக் கத்தினார்.

"பயமில்ல சார், சூடு! உங்களுக்குச் சுடலையா?"

எல்லார் பார்வையும் மேலாளர் பக்கம் திரும்பியது.

அவருடைய இடக்கை டம்ளரை இறுகப் பற்றியிருந்தது. விரல்கள் செக்கச்செவேலென்று சிவந்து கொப்புளிக்கத் தொடங்கியிருந்தன. முகத்திலோ சலனமே இல்லை!

"இங்க ஒரு பழக்கம், மேடம்" என்றாள் வாயாடி. "மருந்து தொடுற வலது கைக்கு மட்டும்தான் கையுறை. கதவு திறக்கற இடது கை வெறுங்கை. கையுறையோட கைப்பிடியைத் தொட்டா சார் கிழிச்சிடுவார். வெளியாள்னா ரெண்டு கையிலயும் மாட்டிட்டு வந்திருப்பான். இவரு வலது கையால அடிச்சாரு, பழக்கதோஷம்... இடது கையால கதவைத் திறந்தாரு! சோப்புப் போட்டுக் கழுவினாலும் களிம்போட வேலை நாள் பூரா நிக்கும்."

டம்ளர் நழுவியது.

"சோதனையில நான் குறிச்ச அளவெல்லாம் பொய்னு அத்தான் கண்டுபிடிச்சிட்டார்..." மேலாளர் குரல் உடைந்தது. "ஊரறிய எழுதப் போறேன்னார்!"

க்ளிக்!

இன்ஸ்பெக்டரின் கைப்பேசி அலறியது. பேசி முடித்தவர் முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பு.

"பேராசிரியர் கண்ணு முழிச்சிட்டாராம். முழிச்சதும், 'களிம்பு என்னாச்சு'ன்னு கேட்டாராம். என்னம்மா சொல்ல?"

வாயாடி, மேலாளரின் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"மனுஷன் மேலயே சோதிச்சாச்சு, நல்லா வேலை செய்யுதுன்னு சொல்லுங்க, மேடம். பக்கவிளைவு ஒண்ணே ஒண்ணுதான்... கைவிலங்கு!"