அடிக்குறிப்பில் அகப்பட்டவன்

பேராசிரியர். அவருடைய அக்கா. அவருடைய மாப்பிள்ளை. அவரிடம் ஆய்வு செய்த மாணவன். ஒரு இன்ஸ்பெக்டர்.

அந்த அறையில் இருந்தவர்கள் இந்த ஐந்து பேர்தான்.

ஐவரில் நால்வருக்கு மூச்சு இருந்தது.

பேராசிரியர் மேஜையில் கவிழ்ந்து கிடந்தார்! பக்கத்தில் பாதி குடித்த காபி. அதில் காபிக்குச் சம்பந்தமில்லாத ஒரு வாடை... கோப்பைக்கு அடியில் அச்சடித்த ஒரு காகிதம்.

காலை மணி பத்தேகால்.

மாணவனுக்கு வயது முப்பத்து மூன்று. பதினோரு வருட ஆய்வில் மார்பு வரை வளர்ந்தது அவனுடைய தாடி ஒன்றுதான். அதனால் எல்லோருக்கும் அவன் 'தாடி'.

"நான் ஒன்பதரைக்கு வந்தேன் சார். வரும்போதே இப்படித்தான் கிடந்தார்..." என்று விசும்பினான்.

இன்ஸ்பெக்டர் காகிதத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தார்.

"'வெளிவரப்போகும் என் நூல் முழுவதும் திருட்டு. எங்கிருந்து திருடினேன் என்பதைக் கீழே குறித்திருக்கிறேன். அவமானம் தாங்கவில்லை. என் சாவுக்கு யாரும் காரணமில்லை.' அவ்வளவுதான்! தற்கொலை. ரெண்டு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

"முடிஞ்சுதா?"

கேட்டது அக்கா.

நூலகத்தில் முப்பத்தாறு வருடம் இருந்தவர். ஓய்வு பெற்றும் முதுகு வளையவில்லை, நாக்கும்தான்.

"கீழே ஒரு வரி இருக்கே, அதைப் படிச்சீங்களா?"

"அது அடிக்குறிப்பும்மா. பொடி எழுத்து."

"பொடி எழுத்துன்னா படிக்கக் கூடாதுன்னு உங்க டிபார்ட்மென்ட்ல சட்டமா? குடுங்க இப்படி!"

கண்ணாடியை மாட்டினார். படித்தார். புருவம் ஏறியது!

அடிக்குறிப்பில், திருடப்பட்ட நூலின் ஆசிரியர் பெயர் இருந்தது.

அது பேராசிரியரின் பெயர்!

நூல் - அவரே நிகழ்த்தி, வெளியிடாமல் வைத்திருந்த சொற்பொழிவுகள். பக்கம் 112 முதல் 140 வரை.

"ஏன் சார், ஒருத்தன் தன் சட்டையைத் தானே திருடிட்டேன்னு எழுதி வச்சிட்டு விஷம் குடிப்பானா?"

"என்னது?" தாடி பாய்ந்து வந்தான். "காட்டுங்க... அப்படி வராதே!"

படித்தான். தாடிக்கு மேலே இருந்த கொஞ்சம் முகமும் வெளுத்தது.

இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். "புத்தி பேதலிச்சிருக்கும்மா. பெரிய படிப்பு படிச்சவங்களுக்கு அப்பப்ப வரும்."

"உங்களுக்கு அந்த ஆபத்து இல்ல!"

அக்கா மாப்பிள்ளையைப் பார்த்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எப்போதும் நாலு பேருக்கு நடுவில் தன் மூளையைப் பற்றிப் பேசுகிறவர். இப்போது ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் அடுத்த ரூமுக்கு வாங்க."

கதவு சாத்தப்பட்டது.

"உங்க மாமா எழுதுற அந்த எடிட்டர் சாஃப்ட்வேரைச் செஞ்சு குடுத்தது யாரு?"

"செய்யல அத்தை... இருந்ததை அவருக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுத்தேன். ரெண்டு கீயை அழுத்தினா புஸ்தகப் பட்டியல் திறக்கும். ஒண்ணைத் தேர்ந்தெடுத்து பக்க நம்பர் போட்டா போதும். திரையில சின்னதா ஒரு சுருக்கப் பேர் மட்டும் நிக்கும். பிரின்ட் பண்ணும்போது அதுவே ஆசிரியர், தலைப்பு, பக்கம்னு முழு அடிக்குறிப்பா மாறிடும்."

"அதுல என்ன கோளாறு?"

"கோளாறு இல்ல..." கதவைப் பார்த்தார். "மாமா கேட்டார். ஒரு வரி சேர்த்தேன்."

"என்ன வரி?"

"திரையில 'தாடி'ன்னு சுருக்கப் பேர் இருக்கிற இடத்துல எல்லாம்... அச்சுல மாமா பேரும் அவரோட சொற்பொழிவும் வரணும்னு."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். ஒரே ஒரு நொடி!

"எத்தனை இடம்?"

"நூத்தி நாப்பத்து மூணு. முதல்ல நேர்மையாத்தான் எழுதினார் அத்தை. தாடியோட ஆய்வேட்டை இடத்துக்கு இடம் குறிச்சிருந்தார். கடைசில எண்ணிப் பார்த்தா புஸ்தகமே அவனுதா இருந்துச்சு. அதான்..."

"அதான் ஒரே வரியில ஒருத்தனோட பதினோரு வருஷத்தை மாத்திட்டீங்க. கூலியா என்ன கேட்டீங்க? முன்னுரையில நன்றியா?"

மாப்பிள்ளை ஆமென்று தலையாட்டினார்.

"தாடிக்கு இது தெரியுமா?"

"தெரியாது. அதே எடிட்டரை அவன் லேப்டாப்லயும் போட்டுக் குடுத்தேன். இந்த வரி மட்டும் மாமா மெஷின்லதான் இருக்கு."

கடிதம் அச்சானதும் அந்த மெஷினில்தான். இப்போது அக்காவுக்கு எல்லாம் புரிந்தது. தம்பி அந்தக் கடிதத்தை எழுதியிருந்தால் அந்தக் கீயைத் தொட்டிருக்கவே மாட்டான். அவன் வைத்த பொறி அவனுக்குத் தெரியும். தெரியாமல் அழுத்தியவன் ஒருவன்தான்!

"அத்தை..." மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "நாம வாயைத் திறக்கலைன்னா, குழம்பிப் போய்த் தற்கொலைன்னு முடிச்சிருவாங்க. மாமா பேர் தப்பிச்சிரும்."

"கொன்னவனும் தப்பிச்சிருவான்."

"சொன்னா, அவன் மாட்டுவான். ஆனா மாமாவை ஊரே திருடன்னு சொல்லும். நம்ம குடும்ப மானம்..."

"நிறுத்துங்க!"

நூலகத்தில் முப்பத்தாறு வருடம் ஊரை அடக்கிய குரல்.

"எங்க வீட்டுல அடுத்தவன் பென்சிலை யாரும் எடுத்ததில்ல. இவன் எடுத்துட்டான். அந்த அசிங்கம் நடந்து முடிஞ்சது. நான் மறைச்சா அது ரெண்டாவது அசிங்கம். என் தம்பிக்கு விஷம் வச்சவன் நாளைக்கு இரங்கல் கூட்டத்துல மைக்கைப் பிடிச்சு அழுவான். நான் முதல் வரிசையில உக்காந்து மூக்கைச் சிந்தணுமா? அதுக்குப் பேரு மானமா?"

கதவைத் திறந்தார்.

நேராகத் தம்பியிடம் போனார். சாய்ந்திருந்த அவன் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, அவன் சட்டைப் பையில் வைத்தார். நிமிர்ந்தார்.

"தம்பி, இங்க வாப்பா" என்று தாடியைக் கூப்பிட்டார். "இந்த மெஷின்ல உன் ஆய்வேட்டை ஒரு அடிக்குறிப்பாப் போடு."

"இப்பவா? எதுக்கும்மா?"

"இன்ஸ்பெக்டர் சாருக்குப் படிப்பு ஏறட்டும்."

தாடி தயங்கினான். இன்ஸ்பெக்டர் முறைத்தார். தாடியின் விரல்கள் பார்க்காமலே இரண்டு கீயை அழுத்தின. பட்டியல் திறந்தது. திரையில் 'தாடி' என்று சுருக்கப் பெயர் நின்றது.

"இப்ப பிரின்ட்!"

இயந்திரம் முனகிக்கொண்டே ஒரு காகிதத்தைத் துப்பியது.

அதில் பேராசிரியரின் பெயர்!

தாடி அதையே வெறித்தான்... "அடப்பாவி..." என்றான். யாரைச் சொன்னான் என்று யாரும் கேட்கவில்லை.

அக்கா அந்த ஒரு வரியைப் பற்றி இன்ஸ்பெக்டரிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். 'என் தம்பி திருடினான்' என்பதையும் அதே குரலில் சொன்னார்.

"இந்த எடிட்டர் பழக்கமானவங்க மூணே பேரு. அதுல இந்த வரி தெரிஞ்சவங்க ரெண்டு பேரு. ஒருத்தர் இதோ கிடக்கிறார். இன்னொருத்தர் அதைச் செஞ்ச புத்திசாலி. அவர் எழுதியிருந்தா இந்தக் கீயை அழுத்தியிருக்க மாட்டார். மிச்சம் யாரு?"

இன்ஸ்பெக்டர் விரல்விட்டு எண்ணினார். நேரமாயிற்று. ஆனாலும் வந்து சேர்ந்தார்.

தாடி உடைந்தான்!

"ஆமா! நான்தான்! போன வாரம் பதிப்பகத்து விளம்பரத்துல ஒரு பக்கம் போட்டிருந்தாங்க. என் வரி! ஒவ்வொண்ணும் என் வரி! என் பேர் எங்கயும் இல்ல! நேர்ல கேட்டேன். சிரிச்சார்மா... 'நீ இன்னும் நல்லா எழுதுவே, போ'ன்னார்."

"அதுக்கு விஷமா? ஊரைக் கூட்டியிருக்கலாமே! என்கிட்ட வந்திருந்தா நானே அவன் காதைத் திருகி உன் பேரைப் போட வச்சிருப்பேன்."

"நான் சொன்னா யாரும்மா நம்பியிருப்பா?"

"சரி, கொன்னுட்டே. சாவுக் கடிதத்துல எதுக்குடா அடிக்குறிப்பு? பக்க நம்பரோட!"

தாடி தலை குனிந்தான்.

"ஆதாரம் இல்லாம எழுதக் கூடாதுன்னு சார்தான்... சொல்லிக் குடுத்தார்."

"நல்லா படிச்சிருக்கே! அச்சானதை ஒரு தடவை படிச்சுப் பார்க்க மட்டும் கத்துக்கல!"

விலங்கு விழுந்தது.

கிளம்பும்போது இன்ஸ்பெக்டர் கிசுகிசுத்தார். "அம்மா, உங்க தம்பி விஷயம் வெளியே வராம கேஸை எழுத முடியும்..."

"முடியும். எழுதினா உங்க மேலேயே புகார் குடுப்பேன். போங்க!"

அன்று மாலையே அந்த ஒரு வரி நீக்கப்பட்டது. மாப்பிள்ளை நீக்கினார், அக்கா பின்னால் நின்றார். நூற்று நாற்பத்து மூன்று அடிக்குறிப்புகளையும் உரக்கப் படிக்க வைத்த பிறகே அவரைச் சாப்பிட விட்டார்.

நூல் ஆறு மாதத்தில் வந்தது. அட்டையில் ஆசிரியராகத் தாடியின் உண்மைப் பெயர். அக்கா மனமிளகித் தாடியை மன்னித்துவிட்டார் என்று அப்போது ஊரில் ஒரு வதந்தி கிளம்பியது.

சுத்தப் பொய்! அவன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. அவனும் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறான்... கம்பிக்கு அந்தப் பக்கம்!