இரண்டாவது அம்புக்குறி

அழித்த பிறகும் அந்த ஆரஞ்சு வட்டம் போகவில்லை.

அவள் திரையை இன்னொரு முறை புதுப்பித்துப் பார்த்தாள். மேல் மூலையில் நீல வட்டம், அது அவள். அதை உரசிக்கொண்டு ஆரஞ்சு வட்டம், அது துணை. துணை என்று ஒருவரும் கிடையாது.

அவளுடைய அலுவலகத்தில் எல்லாரும் நாள் முழுக்க ஒரே செயலிக்குள்தான் குடியிருந்தார்கள். பேச்சு, கூட்டம், கோப்பு, பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் அதிலேயே. அதற்குள் ஒட்டிக்கொள்ளும் சின்னப் பலகை ஒன்றை அவள் வீட்டிலிருந்தபடியே செய்துகொண்டிருந்தாள். குழுவின் வேலைப் பட்டியல் அதில் வரும். யார் யார் பட்டியலைத் திறந்திருக்கிறார்கள் என்று வட்டங்கள் காட்டும். யாருடைய கை எங்கே போகிறதென்று அவரவர் நிறத்தில் ஓர் அம்புக்குறி காட்டும். இதைச் சோதித்துப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். அவளுக்கு இரண்டாவது ஆள் இல்லை. அதனால் ஒருத்தியை எழுதிக்கொண்டாள். அவள் செய்வதையெல்லாம் ஒரு மூச்சு தள்ளி அப்படியே திருப்பிச் செய்யும் பொய் ஆள். பெயர் கேட்ட கட்டத்தில் துணை என்று தட்டினாள். சில சாயங்காலங்களில் வேலை முடிந்த பிறகும் அம்புக்குறியைச் சும்மா வட்டமாகச் சுழற்றுவாள், ஆரஞ்சு அம்புக்குறி நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே சுழன்று வரும். சிரிப்பு வரும். யாரிடமும் சொன்னதில்லை.

நாளைக் காலையில் பலகை எல்லாருடைய திரைக்கும் போகிறது. சரியாக ஓடினால் தலைமை அலுவலகத்தில், ஆட்களுக்கு நடுவே, ஒரு மேஜை தருவதாக டீம் லீடர் சொல்லியிருந்தார். சம்பளம் ஏறாது. அவளுக்கு அந்த மேஜை போதும். பக்கத்தில் யாராவது தும்மினால் காதில் விழ வேண்டும்.

அவரைப் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணா, டெஸ்ட்டுக்கு வெச்ச ஆளை அழிச்சிட்டேன். இன்னும் காட்டுது."

"பிரவுசர் கேஷ் கிளியர் பண்ணியா?"

"பண்ணிட்டேன்."

"சர்வர ரீஸ்டார்ட்?"

"அதுவும் பண்ணிட்டேண்ணா."

"அப்ப உனக்குத்தான் ரீஸ்டார்ட் வேணும். போய்ப் படு." அவருக்குப் பின்னால் குழந்தைகள் சண்டை போட்டார்கள், தட்டு ஒன்று விழுந்தது. அந்தச் சத்தத்தை அவள் ஆசையாகக் கேட்டாள். "ஆமா, அந்த ஸ்டாரை எடுத்தியா?"

அவள் நிரல் கோப்பைத் திறந்து பார்த்தாள். பலகையை எந்த இடத்தில் வைக்கலாம் என்று கேட்கும் வரியில் கம்பெனி செயலியின் முகவரி மட்டும்தான் இருக்க வேண்டும். சோதிக்க வசதியாக அவள் ஒரு நட்சத்திரக்குறி போட்டிருந்தாள். அதற்கு எங்கே வேண்டுமானாலும், யார் வேண்டுமானாலும் என்று அர்த்தம்.

"மறந்துட்டேண்ணா."

"அடிப்பாவி! வாசக்கதவ அகலத் தொறந்து போட்டுட்டு, உள்ள யாரோ நடக்குறாங்கன்னு எங்கிட்ட கேக்குற. மொதல்ல அதை எடு."

எடுத்தாள். முகவரியைப் போட்டாள், சேமித்தாள், புதுப்பித்தாள்.

நீல வட்டம். ஆரஞ்சு வட்டம்.

கதவைச் சாத்தியாகிவிட்டது. வந்தது உள்ளே இருந்தது.

வெளியே மழை விடாமல் பெய்தது. ஜன்னல் கட்டையில் ஊறிய மரத்தின் வாடையும், சூடேறிய கணினியின் தூசி வாடையும் கலந்து அறைக்குள் கிடந்தன. அவள் அடுத்த வரியைத் தட்டினாள், நிறுத்தினாள். நிறுத்திய பிறகும் தட்டும் சத்தம் கொஞ்சம் நீண்டு, பிறகு ஓய்ந்தது. சுவரில் பட்டுத் திரும்புகிறது என்று நினைத்தாள். மறுபடி தட்டினாள். மறுபடியும் அப்படியே. ஆனால் சத்தம் சுவரிலிருந்து வரவில்லை. அக்காவின் அறையிலிருந்து வந்தது. அக்கா வேலை மாற்றலாகிப் போனபோது கட்டிலைக்கூட எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த அறையில் ஒரு பழைய நாற்காலிதான் கிடந்தது.

போனை எடுத்து அக்காவுக்குப் போட்டாள்.

"அக்கா, இன்னிக்கு வர்றியா?"

"இந்த மழையிலயா? பஸ்ஸே இல்லடி. அடுத்த வாரம் வர்றேன். ஏன், பயமா இருக்கா?"

"இல்ல. சும்மா."

"சும்மாவுக்கு ஏன் குரல் இப்படி இழுக்குது? கதவத் தாழ் போட்டுட்டு டிவிய சத்தமா வெச்சுக்க. பேயே வந்தாலும் உன் மூஞ்சியப் பார்த்துட்டு ஓடிடும், கழுத."

அவள் சிரித்தாள். போனை வைத்தாள்.

பக்கத்து அறையில், மெதுவாக, அவளுடைய குரலிலேயே யாரோ "சும்மா" என்றார்கள். பிறகு சிரித்தார்கள்.

அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அங்கேயும் ஒரு நாற்காலி நகரும். அதைக் கேட்கத் தைரியம் வரவில்லை. திரையை மட்டும் பார்த்தாள். சுட்டியை லேசாக இடப்பக்கம் நகர்த்தினாள். ஆரஞ்சு அம்புக்குறி பின்னால் வந்தது. முன்னைவிடச் சீக்கிரம். வலப்பக்கம். இன்னும் சீக்கிரம். கீழே கொண்டுபோனாள், இரண்டும் ஒன்றாகவே இறங்கின, நீலத்தின் மேல் ஆரஞ்சு படிந்து ஒரே அம்புக்குறியாக.

கையை எடுத்துவிட்டாள்.

பக்கத்து அறையில் யாரோ இருமினார்கள்.

அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தொண்டை கரகரத்தது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. இருமினாள்.

இப்போது அது பின்னால் வரவில்லை. முன்னால் போகிறது.

ஆரஞ்சு அம்புக்குறி தனியாகக் கிளம்பியது. பட்டியலைக் கடந்தது. மேல் மூலைக்குப் போனது. வெளியேறு என்ற பொத்தானில் நின்றது. அழுத்தியது. வட்டம் மறைந்தது. சாயங்காலமெல்லாம் அவள் கெஞ்சிக்கொண்டிருந்தது அதற்குத்தான்.

பக்கத்து அறையில் நாற்காலி பின்னால் நகர்ந்தது.

செருப்புச் சத்தம். அவள் செருப்பு மாதிரியே, இடது கால் கொஞ்சம் தரையில் தேய்ந்து. ஹாலில் நடந்தது. வாசலில் நின்றது. தாழ்ப்பாள் விலகியது.

"அக்கா! வர மாட்டேன்னு சொன்னியே!"

அவளுடைய குரல். அவ்வளவு சந்தோஷமாக அவள் பேசிப் பல மாதம் ஆகிவிட்டது.

பிறகு அதே குரலில் ஓர் அலறல் தொடங்கியது. பாதியில் நின்றது. யாரோ வாயைப் பொத்தியது போல.

மழை மட்டும்.

எழுந்திருக்க மாட்டேன் என்று அவள் சொல்லிக்கொண்டாள். யார் வந்தாலும். விடியும் வரைக்கும்.

அழைப்பு மணி அடித்தது.

அவள் கை சுட்டிக்குப் போயிற்று. அவள் அனுப்பவில்லை. வெளியேறு. அழுத்தியது. நீல வட்டமும் மறைந்தது.

நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"கதவத் தொறடி. நனையுறேன்." அக்காவின் குரல். அந்தச் சலிப்பு, அந்த அன்பு, எல்லாம் சரியாக. "என்னடி பண்ற உள்ள, கழுத?"

வேண்டாம். கால்கள் நடந்தன. இடது செருப்பு தேய்ந்தது. ஹால் இருட்டு, காலி. வாசல் கதவு தாழ் போட்டபடியே இருந்தது. கதவின் அடியில் வராந்தா விளக்கின் வெளிச்சம் ஒரே கோடாக விழுந்திருந்தது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை முழுசாக. அங்கே நிற்கும் எந்தக் காலும் அதை மறைக்கவில்லை.

தாழ்ப்பாள் விரலில் சில்லென்றது.

அவள் முகம் மலர்ந்துகொண்டிருந்தது. நிறுத்த முடியவில்லை. அந்தச் சந்தோஷம் தொண்டைக்குள் ஏறிக்கொண்டே வந்தது.

"அக்கா!" என்றாள். "வர மாட்டேன்னு சொன்னியே!"