மீதித் தோல்

கணவன் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தான். அதுதான் அவளை முதலில் உறுத்தியது. புழு வளர்ப்பு அறையின் கதவு மூடிவிட்டால் போதும், அவளைச் சீண்டாமல் அவனுக்குப் பொழுது போகாது. இன்று வந்ததிலிருந்து முக்காலியை விட்டு எழவில்லை. மோவாயைத் தூக்கி, முதுகை நிமிர்த்தி, பிடித்து வைத்த சிலைபோல.

வெளியே உச்சி வெயில். உள்ளே இரவு. இருட்டில் மேயும் புழுக்களுக்காகப் பகலையும் இரவையும் மாற்றிப்போட்ட ஆராய்ச்சி அறை அது. அவற்றின் கண்ணுக்குப் புலப்படாத மங்கிய சிவப்பு விளக்கு மட்டும் எரிய, கசங்கிய இலைகளின் பச்சை வாடையும் ஈரக் கழிவின் புளித்த நெடியும் மூக்கில் ஏற, தட்டுத் தட்டாகப் புழுக்கள் இலை அரிக்கும் ஓசை தூறல்போல விடாமல் விழுந்துகொண்டிருந்தது.

"ஏங்க, உடம்பு சரியில்லையா?"

கேட்டபடியே அடுத்த தட்டை இழுத்தாள்.

இருவருக்கும் ஒரே வேலை. புழுவின் முதுகில் இளமை ஹார்மோனைத் துளித்துளியாக விடுவது. தோலை உரி என்று உடம்புக்குச் சொல்வது வேறொரு ஹார்மோன். உரித்தபின் என்னவாக வேண்டும் என்று சொல்வது இது. இது வற்றினால்தான் புழு கூட்டுப்புழுவாகி, பூச்சியாகும். வற்றவிடாமல் ஊற்றினால், உரிக்க உரிக்கப் புழுதான். முன்னைவிடப் பெரிய புழு.

"கையுறை போட்டா துளி தப்புதுடி" என்று மாதக்கணக்காக வெறுங்கையால்தான் விட்டுவந்தான். அவளும் திட்டித் திட்டி ஓய்ந்துபோயிருந்தாள்.

அவன் தோளைத் தொட்டாள். சட்டைக்குள் ஏதோ காய்ந்த காகிதம்போல மொறமொறத்தது. அப்போதுதான் அந்த உட்காரும் விதம் பிடிபட்டது. தோலுரிக்கப்போகும் புழு இப்படித்தான் தின்பதை நிறுத்தி, தலையைத் தூக்கி, அசையாமல் இருக்கும்.

கதவருகே ஓடினாள். பூட்டு வெளிப்பக்கம். சுவரிலிருந்த போனை எடுத்தாள்.

"சார், கதவைத் திறங்க! இவருக்கு என்னமோ ஆகுது!"

மேற்பார்வையாளர் சிரித்தார். "போன வாரம் செத்த மாதிரி படுத்துக்கிட்டு என்னை ஓட வெச்சாரே, இன்னைக்கு என்ன வேஷம்மா? வெளிச்சம் பட்டா அத்தனை வேலையும் பாழ். சாயங்காலம் உள்ள விளக்கு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் கொஞ்சிக்கிட்டு இருங்க."

"நடிப்பு இல்ல சார், சத்தியமா..."

வைத்துவிட்டார்.

தூக்கியாவது கதவுவரை கொண்டுபோக வேண்டும். அங்கிருந்து தட்டிக் கத்தினால் மேற்பார்வையாளர் வந்துதான் ஆக வேண்டும்.

"எந்திரிங்க. வாங்க, போலாம்."

கையைப் பிடித்து இழுத்தாள்.

கை வந்தது.

தோல் மட்டும். விரல்களோடு, நகங்களோடு, முழங்கைவரை. உள்ளே ஒன்றுமில்லை.

மெல்லப் பின்னால் போய்ப் பார்த்தாள். சட்டையும் முதுகும் பிடரியிலிருந்து இடுப்புவரை பிளந்திருந்தன. வெறும் கூடு.

தூறல் நின்றது. எல்லாத் தட்டிலும். ஒரே நேரத்தில்.

அலமாரிக்கு அடியிலிருந்து, தரையோடு தரையாக, அவன் குரல். ஈரமாய்.

"பசிக்குதுடி."

கதவில் முதுகு இடிக்கும்வரை பின்வாங்கினாள். மற்றக் கையால் கதவை அறைந்தாள்.

"பலே, பலே!" வெளியே கைதட்டினார் மேற்பார்வையாளர். "இன்னைக்கு நடிப்பு பிரமாதம்!"

வெளுத்து நீண்ட ஒன்று முக்காலியின்மேல் ஏறியது. அவன் முகம்தான். இருமடங்கு.

தோலுரித்த புழு முதலில் தின்பது தன் பழைய தோலைத்தான்.

பாதத்தில் தொடங்கியது. அவசரமே இல்லை. முழங்கால். இடுப்பு. மார்பு. கடைசியாக, அவள் தினமும் பார்த்த அந்த முகம்.

மென்று முடித்தது. தலையைத் தூக்கியது. அவள் பக்கம் திரும்பியது.

மீதி அவள் கையில் இருந்தது.