பெண்கள் பக்கக் கேசட்

கூடாரத்தில் இருந்த அத்தனை சனமும் கை தட்டிக்கொண்டிருக்க, கீழிருந்து ஆறாம் வரிசையில் ஒரு பெண் மட்டும் தட்டவில்லை.

இன்ஸாப் வீடியோ டெக்கை நிறுத்தினான். பழைய ஹொலிவூட் சர்க்கஸ் படம். உச்சியில் ஒருத்தி ஒரு ஊஞ்சலை விட்டு மற்ற ஊஞ்சலுக்குத் தாவுகிறாள். கீழே தொப்பியும் கோட்டுமாக வெள்ளைக்காரச் சனம் அண்ணாந்து பார்க்கிறது. அந்தச் சனத்துக்கு நடுவே, முக்காடு போட்ட ஒருத்தி, ஊஞ்சலைப் பாராமல் நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே கல்முனைக் கடைத்தெரு அடங்கிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம். எல்லாக் கடைகளும் பூட்டு. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பா ஓதும் குரல் வெயிலோடு சேர்ந்து தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. இன்ஸாப் பள்ளிக்குப் போகவில்லை. தன் வீடியோக் கடையின் இரும்புக் கதவைப் பாதிக்கு இறக்கிவிட்டு, சூடேறிய தூசியும் ஸ்பிரிட்டும் மணக்கும் அந்த இருட்டுக்குள் தனியே இருந்தான்.

கேசட்டைக் காலையில் கொண்டுவந்தவள் மருதமுனைச் சபூறா ராத்தா.

"உண்ட தல நரச்சிட்டு, இந்தப் பொட்டி மட்டும் அப்பிடியே கிடக்கு," என்று டெக்கைத் தட்டிச் சிரித்தாள். பிறகு குரலைத் தணித்தாள். "தம்பி, இது எண்ட தங்கச்சி ஆகிலாட கலியாணக் கேசட். இறக்காமத்துல மாமாட வீட்டுல கிடந்திரிக்கி. கடல் கொண்டுபோகாமத் தப்பினது இது ஒண்டுதான். படம், பத்திரம் எல்லாம் ஆகிலாவோடயே போயிட்டு. அஸ்னாக்கு வாற கிழம கலியாணம். அப்ப அந்தப் புள்ள கைப்புள்ள, பெத்த உம்மாட முகமே தெரியாது. ஜும்ஆ முடியக் கூட்டிட்டு வாறன். பென் டிரைவ்ல ஏத்தித் தா."

"ஓம் ராத்தா."

"நீ பாக்கப்படா. பொம்புளயள்ட பக்கம்."

"ஓம் ராத்தா." சொல்ல வேண்டியது வேறொன்று. கேசட்டை வாங்கி மேசையில் வைத்தான்.

கலியாண வீட்டில் பெண்கள் பக்கத்தைப் படம் பிடித்தால், அந்தக் கேசட்டில் பெயர் எழுத மாட்டார்கள். எழுதினால் எந்த ஆம்பிளையாவது போட்டுப் பார்த்துவிடுவான் என்ற பயம். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன், யாரோ பிரதி எடுக்கக் கொடுத்த அப்படியொரு பெயரில்லாக் கேசட் இன்ஸாபின் மேசையில் கிடந்தது. அன்று டிவியில் இந்தச் சர்க்கஸ் படம் தொடங்கப்போகிற நேரம், கைக்கு வேறு கேசட் அகப்படவில்லை. இதைப் போட்டுப் பார்த்து உறுதிப்படுத்தவும் கூச்சம். பெண்கள் பக்கமாக இருந்துவிட்டால்? ஆகவே பார்க்காமலே படத்தை அதன்மேல் பதிந்தான்.

இந்தக் கதையை அவன் தனக்கே பல தடவை சொல்லியிருக்கிறான். சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. கேசட்டின் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை முறித்துவிட்டால் அந்தக் கேசட்டில் மேற்கொண்டு எதையும் பதிய முடியாது. முறித்த குழியை செலோடேப்பால் மூடினால் டெக் ஏமாந்துபோகும். அந்தக் கேசட்டின் நாக்கு முறிந்திருந்தது. இன்ஸாப் குழியை மூடினான். மூடும்போதே தெரியும், யாரோ காக்க நினைத்தது இது என்று.

மூன்றாம் நாள் ஆகிலா வீட்டார் கலியாணக் கேசட்டைக் கேட்டு வந்தபோதுதான் எல்லாம் விளங்கியது. உறைக்குள் போட்டு அப்படியே கொடுத்துவிட்டான். அவர்கள் வீட்டில் டெக் இல்லை. பிறகு ஆறுதலாகச் சொல்லலாம் என்று இருந்தான். அடுத்த வருடம் சுனாமியாகக் கடல் வந்தது.

அவன் டெக்கின் மேல்மூடியைக் கழற்றி, சுழலும் உருளையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தான். திரையில் தெரிந்தது உருளையின் அழுக்காகத்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் பதியும்போது நாடா முதலில் அழிக்கும் தலையைத் தொட்டுவிட்டுத்தான் எழுதும் தலைக்குப் போகும். அழிக்கும் தலை முழு அகலத்தையும் துடைத்துவிடும். கரும்பலகையைத் துடைத்தாலும் கொஞ்சம் வெண்கட்டித் தூள் மிஞ்சும். நாடாவில் அதுவும் மிஞ்சாது. பழைய படம் அடியில் கிடந்து எட்டிப் பார்க்க வழியே இல்லை. இதை அவனைவிட நன்றாக அறிந்தவர் கல்முனையில் இல்லை.

பின்னால் சுற்றி மறுபடி ஓட்டினான்.

நாலாம் வரிசை.

அவளுக்கு முன்னால் இருந்த தொப்பிக்காரர்கள் தலையைச் சாய்த்து வழிவிட்டிருந்தார்கள். ஊதா நிற முக்காடு நனைந்து தலையோடு ஒட்டியிருந்தது. முகம் யாருடையதென்று அவனுக்குத் தெரியாது. ஆகிலாவை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

மறுபடி சுற்றினான். ஓட்டினான்.

இரண்டாம் வரிசை.

இதற்குமேல் அவன் தொடவில்லை. குத்பா முடிந்து, தொழுகை முடிந்து, தெருவில் செருப்புச் சத்தம் வந்தது. இரும்புக் கதவை யாரோ தட்டினார்கள்.

"தம்பி, நாங்க."

சபூறாவுக்குப் பின்னால் அஸ்னா நின்றாள். மெலிந்த பிள்ளை. புறங்கையில் மருதாணி வைத்துப் பார்த்த அடையாளம். "மாமா, தெளிவா இரிக்கா?" என்று கேட்டாள்.

இப்போது சொல்லிவிடலாம். ஒரே வசனம். நான் அழித்துவிட்டேன்.

"பழைய நாடா," என்றான் இன்ஸாப்.

"நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்க," என்றாள் சபூறா. "நானே பட்டன அமத்துறன். இதுதானே?"

அவன் திரும்பினான். சுவரில் பூஞ்சணம். பின்னால் சர்க்கஸ் வாத்தியம் தொடங்கியது. இதைக் கேட்டதுமே கலியாண வீடு இல்லை என்று சொல்லப்போகிறார்கள். காத்திருந்தான். 

"அல்லாஹ்," என்றாள் சபூறா மெதுவாக. அழுகையா சிரிப்பா தெரியவில்லை. "பாரு மகள். உண்ட மூக்குத்தான்."

அது அவளில்லை என்று இப்போதாவது சொல். பூஞ்சணத்தையே பார்த்து நின்றான்.

"பெரியம்மா, என்னத்தான் பாக்காங்க."

"ஓம் மகள்."

"பக்கத்துல இடம் வெச்சிரிக்காங்க. கூப்புடுறாங்க."

"ஓம்."

"போகட்டா?"

"உம்மாதானே. போ."

கதிரை கிரீச்சிட்டது. வளையல் சத்தம். பிறகு அதுவும் இல்லை. வாத்தியம் நின்றது. உப்புத் தண்ணீர் மணம், அழுகிய பாசி மணம், நடுப்பகலில், கடைக்குள்.

"தம்பி," என்றாள் சபூறா. குரலில் அப்படியொரு நிம்மதி. "இனித் திரும்பலாம். ரெண்டு பேரும் முக்காடு போட்டுட்டாங்க."

திரும்பினான்.

அஸ்னாவின் கதிரை வெறுமை. சபூறா திரையைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தாள். கூடாரத்தில் வேறு சனம் இல்லை. முதல் வரிசையில் இரண்டு பேர். ஊதா முக்காட்டுக்காரி அஸ்னாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். கூடாரத் துணிக்கு அடியால் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஆட்டக்களத்து மரத்தூள் கறுத்து, மிதந்து, அவர்கள் முழங்காலைச் சுற்றியது.

நிறுத்தக் கை போனது. நின்றுவிட்டது. நிறுத்தினால் அவள் எங்கே?

மூடியில்லாத டெக்குக்குள் இடப்பக்கச் சக்கரம் நாடா தீர்ந்து மெலிந்திருந்தது. நாடா முடியும் இடத்தில் கறுப்புப் பூச்சு இல்லாத ஒரு வெறுந்துண்டு உண்டு. அதனூடாக வெளிச்சம் பாய்ந்ததும் டெக் தானாக நின்றுவிடும்.

அஸ்னா அவனைப் பார்த்தாள். சபூறாவை அல்ல. அவனை. வாய் திறந்து மூடியது. தண்ணீர் நெஞ்சுக்கு வந்துவிட்டது.

சக்கரத்தில் மிச்சம் நாலு சுற்று.

மூன்று.