நாற்பதாவது வரி

லிஃப்ட் கதவு மூடும் நேரத்தில் ஓடி வந்து நுழைந்தாள். அவள் குடையிலிருந்து மழைநீர் உள்ளே நின்றிருந்தவன் ஷூவில் சொட்டியது. அவன் கவனிக்கவில்லை. போனில் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தான்.

“இல்லக்கா... அந்த ஜப்பானிய மேடத்துக்கு ‘பிக்’னா பெருசுன்னுகூட தெரியல! ஒரு வார்த்தைக்கு ஆறு கேள்வி. இன்னிக்கு நேர்ல போய் ஒரு வழி பண்ணிடறேன்.”

அவள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். இவர்தானா... அந்த மேசைக்காரர்?

மேசை, அலமாரி விற்கும் கம்பெனியின் ஆங்கிலப் பட்டியலை இரண்டு வாரமாக அவள்தான் ஜப்பானிய மொழிக்கு மாற்றுகிறாள். கோப்பில் படம் இருக்காது; வரிக்கு வரி வெறும் சொற்கள். சந்தேகத்தைப் பக்கத்துக் கட்டத்தில் எழுத வேண்டும். கம்பெனியிலிருந்து அவன் பதில் எழுதுவான். கடைசிச் சந்தேகம் தீர்ந்தால் கோப்பு மூடப்படும்.

நான்காவது மாடி, அவள் அலுவலகம். அவள் மேசைக்கு எதிரே வந்தவன் திகைத்து நின்றான்.

“ஐயோ... லிஃப்ட்ல வந்தது நீங்களா?”

“நானேதான். பெருசுன்னுகூட தெரியாதவ.” ஈரக் குடையை நாற்காலியில் மாட்டினாள். “பெரிய அலமாரின்னா ‘ஓக்கீ’. பெரிய ரூம்னா ‘ஹிரோய்’. வெறும் ‘பிக்’னு அனுப்பினா நான் என்ன ஜோசியமா பாக்கறது?”

“சரிங்க... ஆனா அலமாரி படத்தைப் போன வாரமே அனுப்பிட்டேனே?”

திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அனுப்பியிருந்தான்தான். அதன்பிறகும் அந்த நாற்பதாவது வரிக்கே ஐந்து கேள்விகள் கேட்டாள். தினமும் நாலு மணிக்குப் பதில் வரும். கடைசியில், “மழை வருது, குடை இருக்கா?” என்றிருக்கும். ஒரு தட்டு, ஒரு டம்ளரோடு ஒற்றை அறையில் இருப்பவளை வேறு யார் அப்படிக் கேட்டார்கள்?

இதையெல்லாம் சொல்ல முடியுமா... ரோஷம் முந்திக்கொண்டது. ‘ஓக்கீ’ என்று அடித்து, கடைசியாக மிஞ்சியிருந்த நாற்பதாவது வரியை மூடினாள்.

“முடிஞ்சுது சார். நீங்க கிளம்பலாம்.”

அவன் லிஃப்ட் பக்கம் நடந்தான்.

நாலு மணி. மழை விடவில்லை. இனி எதுவும் வராது என்று தெரிந்தும் திரையைப் பார்த்தாள்.

மூடிய கோப்பு மறுபடி திறந்திருந்தது. நாற்பத்தொன்றாவது வரி!

புதிதாக ஒரு ‘பிக்’. பக்கத்தில் ஒரு படம். நாலு பேர் உட்காரும் மேசை... ஒரே ஒரு நாற்காலி.

“இது விக்கற மேசை இல்லீங்க. என் வீட்டுது. ஒருத்தனுக்கு ரொம்பப் பெருசு. சண்டை போடப் போறேன்னு அக்காகிட்ட சொன்னது சும்மா. உங்கள பாக்க ஒரு சாக்கு வேணும்ல? உங்கள எனக்குப் புடிச்சிருக்கு. இந்த ‘பிக்’குக்கு என்ன வார்த்தை போடுவீங்க?”

எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்ல அடித்தாள்.

“அலமாரி படம் வந்தப்பவே எனக்கு விடை தெரியும். மத்த அஞ்சு கேள்வியும்... சும்மாதான் கேட்டேன். ஆனா இந்த மேசைக்குப் படத்தை வெச்சு சொல்ல முடியாது. நேர்ல பாக்கணும்.”

வரியை மூடவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, கீழே சேர்த்தாள்.

“குடை இருக்கா?”